தொடக்கப் பள்ளியில் ஆயுத பூஜை: நாலணாவில் நாங்கள் நடத்தியதை இன்றைக்கு நடத்தும் முறை

புரட்டாசி பிறந்துவிட்டால் மதுரையில் உள்ள என் பைண்டிங் கடைக்கு யாராவது ஓர் ஆசிரியை கலர் காகிதக் கட்டோடு வந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் ஆயுத பூஜை, தோரணத்துக்குத் தாள் வெட்டித் தர வேண்டும் என்பார். கட்டிங் மெஷினில் வைத்தால் ஒரு நிமிட வேலைதான். ஆனாலும் நான் வெட்டித் தருவதில்லை. தாளை அப்படியே திருப்பிக் கொடுத்து, "பிள்ளைகள் கையில் கத்தரிக்கோலைக் கொடுங்கள் டீச்சர்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது சோழவந்தானுக்கு அக்கரையில், தென்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில். 1970களின் தொடக்கம். ஓட்டுக் கட்டடம், மண் தரை, ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள்: பெரிய வாத்தியார், சின்ன வாத்தியார். பூஜை என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சாமி கும்பிட்டது எனக்குச் சரியாக நினைவில்லை. அதற்கு முந்தைய இரண்டு நாள் வேலை, யார் பசை காய்ச்சினார்கள், யார் மரத்தில் ஏறினார்கள் என்பது வரை நினைவில் இருக்கிறது. ஆகவே இந்த வழிமுறையில் பூஜைக்குக் கொஞ்ச இடம், வேலைக்கு நிறைய இடம்.

நாளும் காசும்

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. அதன் ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை, அதாவது ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி. இரண்டும் அரசு விடுமுறை என்பதால் பள்ளிக்கூடத்துப் பூஜை எப்போதும் விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில்தான். தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும்: 2023இல் அக்டோபர் 23, 2025இல் அக்டோபர் 1. சீக்கிரம் வருகிற ஆண்டில் காலாண்டு விடுமுறை குறுக்கே விழும். அப்படியானால் காலாண்டுத் தேர்வு முடிகிற நாளின் பிற்பகலை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாங்கப்படி நவமி இல்லையே என்று யாராவது கேட்டால், பள்ளிக்கூடப் பஞ்சாங்கம் வேறு என்று சொல்லிவிடலாம். பெரிய வாத்தியார் அப்படித்தான் சொன்னார்.

வசூல் ஆளுக்கு நாலணா, அதாவது இருபத்தைந்து காசு. அந்த நாணயமே 2011இல் செல்லாமல் போய்விட்டது. காசைவிட அவர் வசூலித்த முறை முக்கியம். கரும்பலகையில் பெயர்களை எழுதி, எதிரில் அவரவர் கொடுத்ததை எழுதுவார். ஒரு பெயருக்கு நேரே நாலணா, அடுத்ததற்கு நேரே ஒரு தேங்காய், அதற்கடுத்து ஒரு கூடை சாணம், ஒரு வாழைக்கன்று, கொடிக்காலில் இருந்து வெற்றிலை. எல்லாம் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். காசு கொண்டுவராத பிள்ளை யார் என்று அந்தப் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. இன்றைக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று சுற்றறிக்கை அனுப்பாதீர்கள். தேவையான பொருள்களைப் பலகையில் எழுதிவிட்டு, யாரால் எது முடியும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். தேங்காயும் வாழையும் விளைகிற ஊரில் அவற்றைக் கடையில் வாங்குவது வெட்கக்கேடு.

முதலில் கரும்பலகை

பூஜைக்கு இரண்டு நாள் முன்னதாகக் கரும்பலகைக்குக் கரி பூச வேண்டும். நன்றாகக் காய்வதற்கு ஒரு முழு நாள் தேவை என்பதால் இதுதான் முதல் வேலை. சுவரில் சிமெண்ட் பூசிக் கறுப்படித்த பழைய பலகைக்கும் மரப் பலகைக்கும் இது பொருந்தும். பச்சை வண்ணத்தில் வழவழப்பாக வருகிற புதுப் பலகைக்கோ ஸ்மார்ட் போர்டுக்கோ செய்துவைத்துவிட்டு என்னைத் தேடி வராதீர்கள்.

கொட்டாங்குச்சியைச் சுட்டு எடுத்த கரிதான் நைசாக அரைபடும். விறகுக் கரியில் நார் இருக்கும், பலகையில் கோடு விழும். கரியை இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். வேலியில் படர்ந்திருக்கும் கோவை இலையை இரண்டு கை அள்ளி, அந்தக் கரியோடு சேர்த்து அம்மியில் அரைக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக வந்ததும் எடுத்துவிடலாம். எங்கள் காலத்தில் சில பள்ளிகளில் ஊமத்தை இலையையும் போடுவார்கள். அது நஞ்சு. சின்னப் பிள்ளைகள் கை வைக்கிற வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

பலகையை முதலில் ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு துணியைப் பந்தாகச் சுருட்டி, விழுதில் தொட்டு, மேலிருந்து கீழாக ஒரே போக்கில் பூச வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தால் வெயில் படும்போது திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு பூச்சு காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. மறுநாள் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் முதன்முதலில் எழுதுகிற எழுத்து அழிந்தும் அழியாமலும் நிற்கும். எங்கள் பள்ளியில் அப்படி நின்றது ஐந்தாம் வாய்ப்பாடு. தீபாவளி வரை யாருக்கும் அதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

கரி பூசுவது ஐந்தாம் வகுப்புக்கு மட்டுமே உரிய வேலை. அந்த இரண்டு நாளும் அவர்கள் கறுத்த கையைக் கழுவாமலே நடப்பார்கள். நான்காம் வகுப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்ததைவிடப் பெரிய பொறாமை எனக்குப் பிற்பாடு வந்ததில்லை. ஆகவே வேலைகளை வகுப்புவாரியாகப் பிரியுங்கள். எல்லாரும் எல்லாம் செய்யட்டும் என்று விட்டால் அடுத்த ஆண்டுக்காகக் காத்திருக்க ஒன்றும் இருக்காது.

பசையும் தோரணமும்

இது என் தொழில் சம்பந்தப்பட்டது. கொஞ்சம் விரிவாகவே சொல்வேன்.

ஒரு டம்ளர் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் நான்கு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்து, கரைசலை மெல்ல ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளையாக இருப்பது கண்ணாடி போல் மாறி, கரண்டியில் ஒட்டி இழுக்கும்போது இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் கெட்டிப்படும், ஆகவே சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்குங்கள். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. பைண்டிங் கடையில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் என்கிற நீல நிற நச்சு உப்பைக் கலப்போம். பள்ளிக்கூடத்தில் அதைக் கண்ணிலும் காட்டாதீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பசையை நக்கிப் பார்ப்பது உலக வழக்கம். மயில்துத்தம் இல்லாத மைதாப் பசை மறுநாளே புளித்துவிடும், அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். பாட்டிலில் வருகிற பசை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் ஆளுக்கு ஒரு சொட்டுதான் வரும். சட்டியைச் சுற்றி இருபது பிள்ளைகள் உட்கார்ந்து விரலை விட்டு எடுக்க முடியாது.

கலர் காகிதம் 20க்கு 30 அங்குல அளவில் கிடைக்கும். கொடி முக்கோணம் வெட்ட ஆளாளுக்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சின்ன வாத்தியார் சொல்லிக் கொடுத்த முறையில் தாளும் மிச்சம், பசையும் மிச்சம். தாளை 5 அங்குலச் சதுரங்களாக மடித்து வெட்டினால் ஒரு தாளுக்கு 24 சதுரம் வரும். ஒவ்வொரு சதுரத்தையும் மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அந்த மடிப்புக்குள் சணலை விட்டு, உட்பக்க ஓரத்தில் மட்டும் பசை தடவி அழுத்திவிட்டால் ஆயிற்று. இரண்டு பக்கமும் தாள் இருப்பதால் காற்றில் கிழியாது, பின்பக்கம் வெளிறித் தெரியாது. ஒரு முக்கோணத்தின் அகலம் சுமார் 7 அங்குலம். இடையில் ஓர் அங்குலம் விட்டு ஒட்டினால் ஒரு தாளில் 16 அடித் தோரணம் தயார். வகுப்பறையின் நீள அகலத்தை அளந்து எத்தனை தாள் வேண்டும் என்று கணக்குப் போடுவதை நான்காம் வகுப்புக்குக் கொடுங்கள். அன்றைய கணக்குப் பாடம் முடிந்துவிட்டது.

கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். வெட்டுவதை மூன்றாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே கொடுங்கள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் மடிக்கட்டும், நிறம் பிரித்து அடுக்கட்டும். நிறங்களை இந்த வரிசையில்தான் ஒட்ட வேண்டும் என்று யாரும் சட்டம் போடக் கூடாது. எங்கள் பள்ளியில் ஒரு முறை நாற்பதடிக்கு வெறும் சிவப்பு ஓடியது, ஏனென்றால் சிவப்பை வைத்திருந்தவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏதோ கட்சிக் கூட்டம் என்று நினைத்து வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பெரிய வாத்தியார் அதை அவிழ்க்கச் சொல்லவில்லை.

கட்டுவது பூஜை நாள் காலையில்தான். முந்தைய நாளே கட்டி அழகு பார்க்கலாம் என்று ஆசையாக இருக்கும். ஆனால் மதுரைப் பக்கம் அதிகம் மழை பெய்கிற மாதம் அக்டோபர். அதுவும் பகலெல்லாம் வெயில் அடித்துவிட்டுச் சாயங்காலம் இடியோடு கொட்டும். நனைந்த கலர் காகிதத்தில் இருந்து சாயம் சொட்டும். கீழே நிற்கிற பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் விழுந்த ஊதா நிறம் பிறகு எந்தச் சோப்புக்கும் அசையாது. ஒட்டிய தோரணங்களை வகுப்பறைக்குள் ஜன்னலுக்கு ஜன்னல் தொங்கவிட்டு உலர்த்துங்கள். தரையில் குவித்து வைத்தால் ஈரப் பசையில் ஒன்றோடொன்று ஒட்டி, காலையில் கையில் ஒரு பொதிதான் மிஞ்சும். வாசலுக்கு மட்டும் மாவிலையும் குருத்தோலையும் போதும். அவை மழையில் நனைந்தால் இன்னும் அழகு.

கடையில் பளபளக்கும் பிளாஸ்டிக் தோரணம் ஆயத்தமாக விற்கிறது. மலிவு, மழைக்கும் தாங்கும். அதைக் கட்டினால் அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

ஆயுதங்கள்

தோரணம் கட்டியதும் பள்ளிக்கூடத்துச் சாமான்களை வெளியே எடுத்துக் கழுவித் துடைக்கும் வேலை. எங்கள் பள்ளி மணி என்பது வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதற்குத் துருவைத் தேய்த்து எண்ணெய் பூசுவோம். உங்களிடம் வெண்கல மணி இருந்தால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கக் கொடுங்கள். பிறகு பூமி உருண்டை, இந்திய வரைபடம், தராசு, மண்வெட்டி, தண்ணீர்க் குடம், பீரோ. மண் தரைக்குச் சாணம் மெழுகிய காலம் போய்விட்டது, இப்போது டைல்ஸைத் துடைத்தால் போதும்.

பெரிய வாத்தியாரின் சைக்கிளைக் கழுவுவதற்கு எங்களுக்குள் அடிதடியே நடந்திருக்கிறது. வாய்க்காலில் இறக்கி, வைக்கோலால் தேய்த்து, ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து, கைப்பிடியில் மாலை கட்டுவோம். அதில் யார் ஏறி ஓட்டிப் பார்த்தது என்பது இன்றுவரை வெளியே வராத ரகசியம். இப்போது ஆசிரியர்கள் ஸ்கூட்டரில் வருகிறார்கள். சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைப் பிள்ளைகளிடம் விடுங்கள், நன்றாகத்தான் கழுவுவார்கள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கலாம். நடுத்தெருவில் வெள்ளைப் பூசணியை உடைப்பது மட்டும் வேண்டாம். பூஜைக்கு மறுநாள் பூசணித் துண்டில் வழுக்கி விழாத இருசக்கர வண்டிக்காரர் மதுரையில் குறைவு.

சந்தனத்தைக் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்துப் பொட்டிடுவது இரண்டாம் வகுப்பின் வேலை. விரல் சின்னதாக இருப்பதால் பொட்டு அளவாக விழும். எல்லாவற்றுக்கும் வைக்கச் சொல்லுங்கள், எதையும் விடக் கூடாது என்று சொன்னால் அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்: சாக்பீஸ் பெட்டி, துடைப்பம், ஜன்னல் கொக்கி. எங்களில் ஒருவன் பெரிய வாத்தியாரின் பிரம்புக்கு ஐந்து பொட்டு வைத்தான். அவருடைய ஆயுதம் அதுதான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் சிரித்துவிட்டு அதை அலமாரியின் மேல் தூக்கி வைத்தார், விஜயதசமி வரை இறக்கவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு பள்ளியில் அடிப்பதற்கே தடை. ஆக, அந்தப் பொட்டுக்கு இப்போது இடமில்லை. கணினிக்கும் ஸ்மார்ட் போர்டுக்கும் ஈரச் சந்தனம் கூடாது. மேசைக் காலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

புத்தகங்களை அடுக்கும்போது எது மேலே என்று சண்டை வரும். கணக்குப் புத்தகத்தை மேலே வைத்தால் கணக்கு வரும் என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கு வரவில்லை. பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி அன்று எடுக்கும்வரை படிக்கக் கூடாது என்பது வழக்கம். இந்த ஒரு வழக்கத்தைப் பிள்ளைகள் பரம பக்தியோடு கடைப்பிடிப்பார்கள். விடுமுறைக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தால் ஆளுக்கு ஒரு புத்தகம் மட்டும் வைக்கச் சொல்வது உங்களுக்கு நல்லது.

படம் வைப்பதா

எங்கள் வகுப்பில் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலையில் எல்லாரும் இருந்தார்கள், பொரியிலும் இருந்தார்கள். நடுவில் அந்தப் பத்து நிமிடம் கும்பிட விரும்பியவர்கள் கும்பிட்டார்கள், மற்றவர்கள் வேப்பமரத்தடியில் நின்று எப்போது முடியும் என்று எட்டிப் பார்த்தார்கள். யாரையும் கைகூப்பச் சொல்லவில்லை, யாரையும் வெளியே போகவும் சொல்லவில்லை. விளாச்சேரியில் செய்த ஒரு சாண் உயரக் களிமண் சரஸ்வதிதான் எங்கள் சாமி. இன்று அரசுப் பள்ளியில் சாமி வைக்கலாமா என்பதைத் தலைமையாசிரியரும் பெற்றோரும் பேசி முடிவு செய்யட்டும். வைக்க வேண்டாம் என்று முடிவானால் விழா கெட்டுப்போகாது. கழுவித் துடைத்த மணியையும் பலகையையும் புத்தகத்தையும் நடுவில் வைத்துச் சுற்றி நில்லுங்கள். என் கடையிலும் அன்றைக்கு முதல் மாலை கட்டிங் மெஷினுக்குத்தான்.

விளக்கோ சூடமோ ஏற்றுவதாக இருந்தால் காகிதத் தோரணம் தொங்காத மூலையில் ஏற்றுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

பொரி

அறுபது பிள்ளைகளுக்கு ஒன்றரைக் கிலோ பொரி தாராளம். எடை குறைவாகத் தோன்றும், ஆனால் ஒரு பெரிய சாக்கு வரும். அதோடு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பொட்டுக்கடலை, முக்கால் கிலோ வெல்லம், ஐந்து தேங்காய். மதுரைக்கு வந்து வாங்குவதானால் கீழமாசி வீதியில் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். பூஜைக்கு முந்தைய நாள் மட்டும் போகாதீர்கள், நடக்கவே இடம் இருக்காது.

மழைக்காலத்தில் பொரி அரை மணி நேரத்தில் நமத்துவிடும். கொடுக்கிற நேரம்வரை சாக்கைப் பிரிக்கக் கூடாது. வெல்லத்தைத் தட்டி, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறித் தனித்தனியே வைத்துக்கொண்டு, பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்த பிறகு பெரிய தாம்பாளத்தில் கொட்டிக் கலந்து கொடுங்கள். முன்பே கலந்துவைத்தால் வெல்லம் கசிந்து பொரி கட்டிக்கொள்ளும். கொண்டைக்கடலைச் சுண்டலும் உண்டு என்றால் இரண்டு கிலோ கடலையை முந்தைய இரவே ஊறவையுங்கள். சத்துணவு அக்காவிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவைப்பது மரியாதை. காலையில் போய் நின்றால் அவர் என்ன செய்வார்?

நாங்கள் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டினோம். அச்சு மை எப்படிக் கையில் ஒட்டும் என்று தினமும் பார்க்கிறவன் நான், அதில் தின்பண்டம் கொடுக்கச் சொல்ல மாட்டேன். வாழை இலையை நறுக்கிக் கொடுங்கள், இல்லையென்றால் தட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்கு என்று ஒரு பங்கு கேட்கிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் சிலருக்குத் தம்பியும் இருக்காது, தங்கையும் இருக்காது. கேட்காமல் கொடுத்துவிடுங்கள்.

முடிந்த பிறகு

விஜயதசமி அன்று புதிதாகச் சேர வரும் குழந்தைகளுக்குத் தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி 'அ' எழுதவைப்பீர்கள். நெல் வேண்டாம், பிஞ்சு விரலில் குத்தும். அதற்குள் வகுப்பறை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் தோரணத்தைப் பூஜை நாள் மாலையிலேயே அவிழ்ப்பது நல்லது. பீரோவில் காய்ந்து இறுகிய சந்தனத்தைச் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வரும், ஈரத் துணியை ஐந்து நிமிடம் போட்டுவைத்துத் துடையுங்கள். பசைச் சட்டியில் அன்றைக்கே தண்ணீர் ஊற்றிவிடுங்கள். சணலில் ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கிழித்தெடுக்கும் வேலையை மூன்றாம் வகுப்பிடம் விட்டால் போதும், ஆனந்தமாகச் செய்வார்கள். சணலை மட்டும் குப்பையில் போடாமல் ஒரு குச்சியில் சுற்றி, அலமாரி மேலே வைத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஆண்டுக்கு அது ஆகும்.